அராலி தொட்ட எழுத்து

மார்ச் 3, செவ்வாய்

மழை. கம்பாலாவின் மலைப்பாதைச் சேறு ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது. ஒற்றைச் செருப்போடு ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். அடுத்த மேசை பிருங்கி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு எங்கடி? வைரஸ் தின்னுடுச்சா?"

தொண்ணூற்றிரண்டு மரவள்ளி இலைகள். ஏரிக்கரையிலிருந்து வடக்கே லிரா வரை அலைந்து நானே பறித்தவை. எல்லாவற்றிலும் பழுப்புக் கீற்று நோய். ஒவ்வோர் இலையிலிருந்தும் வைரஸின் ஒரே மரபணு, ஆயிரத்துச் சொச்சம் எழுத்து. A, C, G, T. நான்கே எழுத்துகள், திரும்பத் திரும்ப. தொண்ணூற்றிரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க வேண்டும். எது எதற்கு நேர் என்று பார்க்க வேண்டும். பொருந்தாத இடத்தில் சிறு கோடு போட்டு இடைவெளி விட வேண்டும். கணினி நிரல் முதல் அடுக்கைத் தரும். அதைக் கண்ணால் பார்த்துத் திருத்துவது என் வேலை. அம்மாவிடம் இதை விளக்கியபோது, "இடம் விடுறதுக்கா மூணு வருஷம்?" என்றாள்.

மே கடைசியில் அடுக்கை ஒப்படைக்க வேண்டும். கூடவே ஒரு கையெழுத்து: இதிலுள்ள ஒவ்வொரு திருத்தமும் நானே, காரணம் தெரிந்து, செய்தது. போட்டால் முனைவர் பட்டத்துக்கு வழி. போட முடியாவிட்டால் மசாக்காவில் பழைய விடுதிப் பள்ளி ஆசிரியை வேலை. தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை, சொல்லுங்கள் பிள்ளைகளே.

மார்ச் 5

யாரோ என் அடுக்கைத் தொட்டிருக்கிறார்கள்.

மார்ச் 6, வெள்ளி

பிரமை இல்லை. பன்னிரண்டாம் இலையில் நேற்று நான் விட்ட இடைவெளி இன்று நான்கு எழுத்து தள்ளி நிற்கிறது. தானாக நடந்து போகுமா?

அடுக்கும் நிரல் மூலையிலிருக்கும் பெரிய கணினியில் மட்டும்தான் ஓடும். காலையில் நாங்கள். மதியத்துக்குமேல் பக்கத்துக் கட்டடத்தில் மீன் ஆராய்ச்சி செய்கிற மீன்காரர்கள். கோப்புகள் எல்லாருக்கும் திறந்து கிடக்கும். பூட்டும் வழக்கமில்லை. பூட்டினால், 'என்னத்த ஒளிச்சு வச்சிருக்கா' என்பார்கள்.

திரையின் விளிம்பில் தாள் ஒட்டினேன்: மரவள்ளிக் கோப்பைத் தொடுகிற கை உடையும்.

மாலையில் அதன் கீழே பிருங்கியின் கையெழுத்து: எந்தக் கை என்று குறிப்பிடவும்.

மார்ச் 9, திங்கள்

மறுபடியும். இந்த முறை நாற்பத்தோராம் இலை. கொதித்துக்கொண்டே பழையபடி மாற்றப் போனேன். விரல் நின்றுவிட்டது.

அவன் செய்திருப்பதுதான் சரி.

நான் இரண்டு எழுத்துக்கு ஓர் இடைவெளியும், சற்றுத் தள்ளி ஓர் எழுத்துக்கு இன்னோர் இடைவெளியும் விட்டிருந்தேன். இரண்டையும் ஒன்றாக்கி மூன்றெழுத்து இடைவெளியாக வைத்திருக்கிறான். மூன்று மூன்று எழுத்தாகப் படித்துத்தான் உயிர் தன் புரதத்தைக் கட்டுகிறது. மூன்றாகப் போனால் ஒரு செங்கல் குறையும், அவ்வளவே. இரண்டும் ஒன்றுமாகப் போனால் நடுவிலிருக்கும் சுவர் கோணும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவசரத்தில் விட்டிருந்தேன். யாரோ வந்து, சத்தமில்லாமல், சட்டைக் காலரைச் சரிசெய்துவிடுவதுபோலச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

'அவன்' என்று எப்போது எழுத ஆரம்பித்தேன்?

தாளைக் கிழித்துவிட்டேன்.

மார்ச் 10

பிருங்கியிடம் சொன்னேன். சொல்லும்போதே சிரித்துவிட்டேன்.

"பேர் தெரியாதவன நெனச்சுச் சிரிச்சா பைத்தியம்பாங்க," என்றாள். "மொதல்ல ஒரு பேர் வைப்போம்."

அவள் தோரோக்காரி. அவர்கள் ஊரில் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயருக்கு மேலே ஒரு செல்லப்பெயர் உண்டு, எம்பாகோ. மொத்தமே பத்துப் பன்னிரண்டுதான். ஊர் முழுக்க அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதைச் சொல்லி அழைக்காமல் நலம் விசாரித்தால் விசாரித்ததாகவே கணக்கில்லை. இவள் அப்வோலி. விரலை மடக்கி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். அட்வோக்கி? சாதுவா இருக்கு. அகீக்கி? மூத்த பிள்ளை மாதிரி. கடைசியில், "அராலி."

அராலி. நல்ல தோள் உள்ள பெயர்.

மார்ச் 12

முப்பத்துமூன்றாம் இலை. என்ன ஓர் அடக்கம். ஒரே ஓர் இடைவெளி.

மார்ச் 16, திங்கள்

சோதித்தேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகுமுன் ஏழாம் இலையில் வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று ஆறு இடைவெளி. இன்று காலை எல்லாம் ஒழுங்கு. ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறான், தற்செயலாக நான் சரியாகப் போட்டிருந்த ஒன்றை. அதைத் தொடவில்லை.

படித்துவிட்டு, படித்தேன் என்று காட்டுவதற்காக விட்டது.

மலையிலிருந்து இறங்கும்போது மழை. குடை இருந்தது. விரிக்கத் தோன்றவில்லை.

கையெழுத்து? அவன் நகர்த்தும் ஒவ்வொன்றையும் பார்க்கிறேன். ஏன் என்று யோசிக்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகுதான் விடுகிறேன். அப்படியானால் என் திருத்தம்தானே?

தானே. (இந்தத் 'தானே'யில் எனக்கு நம்பிக்கை இல்லை.)

மார்ச் 19, வியாழன்

யார்? மதியத்தில் அந்தக் கணினிக்கு வருவது மீன் கட்டடத்து ஓச்சென் ஒருவன்தான். மற்ற மீன்காரர்கள் ஏரியிலேயே கிடக்கிறார்கள்.

லிரா பக்கத்து லாங்கோக்காரன். திலாப்பியாவின் மரபணு பார்க்கிறான். எங்கள் கதவு அவனுக்குக் குட்டை. குனிந்துதான் வருவான், குனிந்தும் இடிப்பான். முதலில் சிரித்துவிட்டுப் பிறகு நகைச்சுவையைச் சொல்வான்.

இன்று ஒரு டப்பாவோடு வந்தான். அவன் அம்மா அரைத்த எள்ளும் நிலக்கடலையும் கலந்த விழுது.

"இந்தா நியாபோ. ஒங்க ஆளுங்க மட்டோக்கே வாழைக்காயத் தின்னு தின்னு மெத்தையா போயிட்டீங்க. இத சாப்பிடு, எலும்பு வரும்."

"எலும்பு இருக்கு. கொழுப்புதான் ஒனக்கு ஜாஸ்தி."

'நியாபோ' என்பது அம்மணி என்பதுபோல மரியாதைச் சொல்தான். இவன் வாயில் மட்டும் கிண்டலாகிவிடுகிறது.

கணினி முன்னால் எதையும் சாப்பிடக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. விரலால் வழித்துத் தின்றுகொண்டே ஐம்பத்தெட்டாம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு விழுந்தது. சட்டைக் கையால் துடைத்தேன். ஓச்சென் தன் மீன்களைப் பற்றி ஏதோ சொன்னான். என்னவென்று கேட்டால் தெரியாது. அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீளமான, அவசரப்படாத விரல்கள்.

இந்தக் கைதான்.

மார்ச் 20, வெள்ளி



ஐம்பத்தெட்டாம் இலையில் ஓரிடத்தை, எழுத்துகளைப் படிக்கும் இயந்திரத்தால் படிக்க முடியவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் அது N என்று போட்டுவிடும். 'என்னவோ ஓர் எழுத்து, தெரியவில்லை' என்று அர்த்தம். ஒன்றரை வருடமாக அங்கே N இருந்தது. இன்று காலை அங்கே G.

ஓடிப்போய் இயந்திரம் வரைந்த மூல அலைப்படத்தைத் திறந்தேன். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வண்ண மலை, G கறுப்பு. அந்த இடத்தில் கறுப்பு மலை இருக்கிறது. இருக்கத்தான் செய்கிறது. இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை.

அந்த இடத்தில் G இருப்பது ஏரிக்கரை வைரஸின் முத்திரை. வடக்கத்தி இலைகளில் அங்கே A. ஐம்பத்தெட்டாம் இலையோ லிராவில் பறித்தது. அப்படியென்றால் ஏரிக்கரை வைரஸ் வடக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இதுவரை யாரும் பார்க்கவில்லை. நான் பார்க்கிறேன். நாங்கள் பார்க்கிறோம்.

பிருங்கியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி ஆடினேன். எதற்கென்று தெரியாமலே அவளும் ஆடினாள். மூன்றாம் சுற்றில், "சரி, இப்ப சொல்லு, எதுக்கு ஆடுறோம்?"

மார்ச் 23, திங்கள்

டாக்டர் தும்வேபாசேயிடம் காட்டினேன். என் வழிகாட்டி. எளிதில் முகம் மாறாதவர். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது நெசம்னா, வடக்குல விவசாயிங்களுக்கு எந்த ரகத்து நடவுக்குச்சி குடுக்கறதுன்னே மாத்தி யோசிக்கணும். தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் டாக்டர்."

"இந்த எழுத்தப் படிச்சது யாரு?"

"நான்தான்."

நைரோபி ஆய்வுக் கூட்டத்துக்கு அனுப்பும் கட்டுரைச் சுருக்கத்தில் அப்போதே ஒரு வாக்கியம் சேர்த்தார். என் ஆய்வேட்டில் அது ஒரு முழு அத்தியாயமாம்.

'நான்தான்' — பொய்யா? என் கண்ணால் பார்த்தேனே.

மார்ச் 27

வாசல் ரோலெக்ஸ் கடை. கல்லில் சப்பாத்தி, அதன்மேல் முட்டை, தக்காளி, ஒரு சுருட்டு; அதற்குப் பெயர்தான் ரோலெக்ஸ். ஓச்சென் எப்போதும் இரண்டு. தைரியத்தைத் திரட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"நன்றி," என்றேன்.

"எதுக்கு?"

"ஒனக்குத் தெரியும்."

என் முகத்தைப் பார்த்தான். கல்லில் முட்டை பொரிகிற சத்தம்.

"சரி," என்றான். "தெரியும்."

"யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

"சொல்லவே மாட்டேன்," என்றான். எத்தனை உறுதி அந்தக் குரலில். சொல்லவே மாட்டான்.

ஏப்ரல் 1

எழுத ஒன்றுமில்லை. எல்லாம் இருக்கிறது.

ஏப்ரல் 6, ஈஸ்டர் திங்கள்

ஓச்செனோடு என்டெபெ. ஏரிக்கரை. முழுத் திலாப்பியா பொரித்து, வாலும் தலையும் தட்டுக்கு வெளியே. தன் ஆய்வுப் பொருளைத் தின்கிற ஆய்வாளனை இன்றுதான் பார்க்கிறேன். நான் வைரஸைத் தின்ன முடியுமா?

"நீ மூணு மூணா நகத்துறது எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு," என்றேன்.

மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தான். "எனக்கும் மூணு புடிக்கும்."

எவ்வளவு தன்னடக்கம்.

திரும்பும் வண்டியில் ஒருவர் மடிமேல் ஒருவராகக் கூட்டம். அவன் முழங்கால் என் கூடையில் இடித்துக்கொண்டே வந்தது. கம்பாலா வராமலே இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

முதலில் பொறாமை. அதைத்தான் எழுத வேண்டும்.

பிருங்கி இன்று தன் சர்க்கரைவள்ளி வரிகளை முதல்முறையாக அடுக்கினாள். டீ குடித்துவிட்டு வந்து கோப்பைத் திறந்தவள் கத்தினாள்: "ஏய், என்னோடதையும் எவனோ தொட்டிருக்கான்."

அராலி. பிருங்கியுடையதையும். எனக்குக் காதில் சூடு ஏறிவிட்டது. போய்ப் பார்த்தேன். அதே நேர்த்தி. அதே மூன்று. அடப்பாவி.

பிறகுதான் உறைத்தது: டீ குடித்தது கால் மணி நேரம். அறையை விட்டு நாங்கள் போகவில்லை. அந்தக் கணினிப் பக்கம் யாரும் வரவுமில்லை.

கோப்பை மூடினோம். திறந்தோம். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தோம். கோடுகள் நகர்ந்தன. தாமாக. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், சமர்த்தாக மூன்று மூன்றாகப் போய் உட்கார்ந்தன.

நிரலின் அமைப்புப் பெட்டியைத் திறந்தாள். 'திறக்கும்போது சீர்செய்' — டிக். அதன் கீழே 'மூன்றெழுத்துக் கணக்கைக் காப்பாற்று' — டிக்.

பிருங்கி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"போன மாச ஆரம்பத்துல நிரலோட புதுப் பதிப்பு போட்டேன்ல. அது என்னென்னமோ கேட்டுச்சு. எனக்குப் பசி. எல்லாத்துக்கும் 'சரி' அழுத்திட்டேன்."

நான் அந்த டிக்கைச் சுட்டினேன்.

"அப்ப நான்தான்டி அராலியோட அம்மா."

தரையில் உட்கார்ந்துவிட்டோம். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. அவள் மாமியார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "என் புள்ளைய நல்லா பாத்துக்கறியா?" என்றாள். டாக்டர் கதவைத் திறந்து பார்த்தார். மூடிக்கொண்டார்.

ஒரு டிக். ஆறு வாரம். நான் ஒரு டிக்குக்காகப் பவுடர் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 15

இல்லை. யோசித்துப் பார்த்தால் இல்லை.

நிரல் கோடுகளை நகர்த்தும். எழுத்தை மாற்றாது. ஒருபோதும் மாற்றாது, அதற்கு அந்த உரிமையே இல்லை. ஐம்பத்தெட்டில் N போய் G வந்தது. அது கை. மனிதக் கை.

பிருங்கி: "விடமாட்டியா நீ?"

விட முடியாது. மற்றதெல்லாம் டிக் என்றாலும் அந்த ஒன்று இருக்கிறதே. அது போதும். (எதற்குப் போதும்?)

ஏப்ரல் 16, வியாழன்

கேட்டுவிட்டேன். ரோலெக்ஸ் கடையிலேயே.

"ஐம்பத்தெட்டுல எழுத்த மாத்தினது நீதானே?"

"எந்த ஐம்பத்தெட்டு?"

"என் இலை."

"ஒன் இலைய நான் எங்க பாத்தேன்?"

"அப்ப அன்னிக்கு நான் நன்றி சொன்னேனே. தெரியும்னியே."

சப்பாத்தியை மடித்த தாளைச் சுருட்டினான், பிரித்தான். "எதுக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா நீ நன்றி சொன்னப்ப ஒன் மூஞ்சி இருந்த இருப்புல, 'நான் இல்ல'ன்னு சொல்ல எவனுக்கு மனசு வரும்?"

"பொய்தானே அது?"

"பொய்தான்."

"ஏரிக்கரையில, மூணு புடிக்கும்னியே."

"மூணு புடிக்கும். அது பொய் இல்ல."

எழுந்து நடந்தேன். பின்னால் ஓடிவந்து என் பாதி ரோலெக்ஸைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். கோபத்தில் அதையும் தின்றேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

சரி. நிதானமாக எழுதுகிறேன்.

பெரிய கணினியில் இலைகளுக்குப் பெயர்ப்பட்டை அடித்துக்கொண்டிருந்தேன். G விசை மட்டும் அழுந்தினால் மெதுவாகத்தான் எழுந்து வந்தது. கொண்டை ஊசியால் அதன் தொப்பியை நெம்பி எடுத்தேன். உள்ளே பழுப்பாக, காய்ந்து, எண்ணெய்ப் பளபளப்போடு ஏதோ. முகர்ந்து பார்த்தேன்.

எள்.

அன்றைக்கு விழுந்த சொட்டு. சட்டைக் கையால் துடைத்தேன். துடைத்தால் விசை அழுந்தும். திரையில் ஐம்பத்தெட்டாம் இலை. மினுக்கும் காட்டி நின்றது அந்த N மேல்தான், அதைத்தான் வெறித்துக்கொண்டிருந்தேன். அழுந்தியது G. N மேல் G ஏறிக்கொண்டது. நான் அப்போது திரையைப் பார்க்கவில்லை. ஒருவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அராலி — பாதி டிக், பாதி என் சட்டைக் கை.

சிரிப்பு வந்தது. வந்து பாதியில் நின்றுவிட்டது.

ஏப்ரல் 20, திங்கள்

அலைப்படத்தை மறுபடி பார்த்தேன். பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். கறுப்பு மலை இருக்கிறது. அதற்குப் பின்னாலேயே, அதே உயரத்தில், பச்சை மலையும் இருக்கிறது. பச்சை A. இரண்டில் எது என்று சொல்ல முடியாது. ஒரே செடியில் இரண்டு வைரஸும் இருந்திருக்கலாம். இயந்திரத்தின் வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம். மார்ச் 20 அன்றும் பச்சை அங்கேதான் இருந்தது. அது எங்கேயும் போகவில்லை. நான்தான் அதைப் பார்க்கவில்லை.

மறுபடி படிக்கவைக்கலாமா? அந்த இலையிலிருந்து எடுத்த சாறு தீர்ந்துவிட்டது. அந்தச் செடியை எப்போதோ பிடுங்கி வேகவைத்துத் தின்றிருப்பார்கள்.

G என்றே விட்டுவிட்டால்?

யாருக்குத் தெரியப் போகுது? படத்தக் கேட்டா கறுப்பு மலையக் காட்டிட்டுப் போறது. அத்தியாயம் இருக்கு. நைரோபி இருக்கு. எடுத்துட்டா என்ன மிச்சம், வழக்கமான எடத்துல வழக்கமான வைரஸ்னு தொண்ணூத்திரண்டு இலை. இதுக்கா மூணு வருஷம்னு அம்மா கேப்பா. கேக்கட்டும். லிராவுல யாரோ ஒருத்தி என் சட்டைக் கைய நம்பி நல்ல குச்சியத் தூக்கிப் போட்டுட்டு வேற குச்சி நடுவா. அவ எள்ளுச் சொட்டத் துடைச்சாளா? நான்தானே துடைச்சேன்.

N என்று மாற்றினேன். விசை மெதுவாகத்தான் எழுந்தது. இல்லை, அது G. N நன்றாகத்தான் வேலை செய்கிறது.

ஏப்ரல் 21, செவ்வாய்

டாக்டரிடம் சொன்னேன். டிக், சொட்டு, சட்டைக் கை, எல்லாம். 'நான்தான்' என்று சொன்னதையும்.

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எள்ளு விழுதா?"

"ஆமா டாக்டர்."

"கம்ப்யூட்டர் முன்னாடி."

"ஆமா டாக்டர்."

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப."

உதட்டோரம் ஏதோ அசைந்தது. உடனே அடங்கிவிட்டது. "நைரோபிக்கு நான் எழுதுறேன், அந்த வாக்கியத்த எடுக்கச் சொல்லி. என் மானம் போறது என் பாடு. நீ அத்தியாயத்தத் தூக்கு. அப்பறம் அந்த டிக்க எடுத்துட்டு மொதல்லேருந்து அடுக்கு. தொண்ணூத்திரண்டும். கையால. மே முடியறதுக்குள்ள."

"முடியுமா டாக்டர்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

ஏப்ரல் 22

ஒன்று முதல்.

ஏப்ரல் 24, வெள்ளி

ஓச்சென் வந்தான். தலையை இடித்துக்கொண்டான். பிருங்கி முழுக் கதையையும் அவனிடம் கொட்டியிருக்கிறாள்.

"எங்கம்மா சார்பா மன்னிப்பு கேக்க வந்தேன்," என்றான். "எள்ள அரைச்சது அவங்கதான்."

பேசக் கூடாது என்று இருந்தேன். விக்கல் மறுபடி வந்துவிட்டது, சிரிப்பை அடக்கியதால்.

நாற்காலியை இழுத்துப்போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, விசைப்பலகையிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தான். "இது ஏன் மூணா போகணும்?" என்று கேட்டான். சொன்னேன். "ஓ," என்றான். உண்மையான 'ஓ'. மீனில் அவன் படிக்கும் பகுதி புரதம் கட்டாதது. மூன்றுக்கு வேலையே இல்லை.

"அப்ப அந்த அராலி செஞ்ச ஒண்ணையும் எனக்குச் செய்யத் தெரியாது. ஒத்துக்கறேன்."

"வேற என்ன தெரியும் ஒனக்கு?"

"திலாப்பியா பொரிக்க."

"அப்பறம்?"

"நன்றி வாங்கிக்க."

மே 4, திங்கள்

முப்பத்துமூன்றாம் இலை. அந்த ஒற்றை இடைவெளியை அன்று அடக்கம் என்று எழுதினேன். இன்று கையால் அடுக்கிப் பார்த்தால் அது சோம்பல். அங்கே இரண்டு இடைவெளி வேண்டும், தள்ளித் தள்ளி, ஒவ்வொன்றும் மூன்று. பக்கத்து இலைகளைப் பார்த்திருந்தால் தெரியும். அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

நான் அவனைவிட நன்றாகச் செய்கிறேன்.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி படித்தேன். ஆமாம். நன்றாகச் செய்கிறேன். மலையிலிருந்து கத்த வேண்டும்போல இருக்கிறது. யாரிடம்? சன்னல் வழியாக மீன் கட்டடத்தைப் பார்த்துக் கையாட்டினேன். அவன் ஏதோ பெரிய செய்தி என்று நினைத்து ஓடிவந்தான்.

"என்ன?"

"முப்பத்துமூணு."

"முப்பத்துமூணா?" கொஞ்சமும் புரியவில்லை. முகமெல்லாம் சந்தோஷம். "அடேயப்பா."

மே 13

கழுத்து வலி. எழுபதைத் தாண்டிவிட்டேன். கனவிலும் கோடுகள். கனவில்கூட மூன்று.

மே 21

பிருங்கி தினம் ஒரு தடவை வந்து டிக் திரும்ப முளைத்திருக்கிறதா என்று பார்க்கிறாள். "தாய் மனசு," என்கிறாள்.

மே 29, வெள்ளி

கையெழுத்துப் போட்டேன். மை தீர்ந்துபோன பேனா. டாக்டர் தன்னுடையதைக் கொடுத்தார். 'ஒவ்வொரு திருத்தமும்' என்ற இடத்தில் ஒருமுறை நின்று, மனதுக்குள் ஒன்று முதல் தொண்ணூற்றிரண்டு வரை ஓடிவிட்டு வந்தேன். எங்கும் இடறவில்லை.

ஆகஸ்ட் 12, புதன்

வாய்மொழித் தேர்வு. நைரோபியிலிருந்து வந்த வெளித் தேர்வாளர். மெல்லிய மனிதர், தடித்த கண்ணாடி. வைரஸ்களின் வம்ச மரங்களையும் வரைபடங்களையும் புரட்டிக்கொண்டே போனார். எதிலும் நிற்கவில்லையே. பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"எல்லாத்தையும் இவ்வளவு சுத்தமா படிச்சிருக்கீங்க. ஐம்பத்தெட்டுல மட்டும் ஒரு N. சரியா ஏரிக்கரையா வடக்கான்னு காட்டுற அடையாள எடத்துல. ஏன்?"

"தெரியாது சார்."

"கறுப்பு தெரியுதே. ஊகிச்சிருக்கலாமே?"

"ஒரு தடவ ஊகிச்சேன் சார். ரொம்ப அழகா இருந்துச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். டாக்டர் தும்வேபாசே மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வாளர் பென்சிலால் ஓரத்தில் சின்னதாக எதையோ குறித்தார். பக்கத்தைப் புரட்டினார்.

வெளியே வந்து நின்றேன். கதவு மூடியிருந்தது. மறுபடி கூப்பிட்டார்கள். போனேன். வந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் பிருங்கி இட்ட குலவையில் மீன் கட்டடத்து நாய்கள் எல்லாம் எழுந்து நின்றன.

டிசம்பர் 27, லிரா

வெயில். முற்றமெல்லாம் என்னைப் பார்க்க வந்த ஆட்கள். ஓச்சென் வீட்டில் நான்காவது நாள். அவர்கள் மொழி எனக்கு வராது. என் மொழி அவன் அம்மாவுக்கு வராது. நடுவில் ஓச்சென்.

அத்தைகள் வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருக்க, கேழ்வரகுக் களிப் பானையிலிருந்து கையெடுக்காமல் அவன் அம்மா ஏதோ கேட்டார்.

"களி கிண்டத் தெரியுமான்னு கேக்கறாங்க," என்றான் ஓச்சென். அதோடு நிறுத்தாமல், மெதுவாக, "தெரியும்னு சொல்லிடு. பஸ்ல சொன்னேன்ல."

"தெரியாது," என்றேன்.

ஓச்சென் அம்மாவின் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தான். பேசினான், பேசினான். கை எல்லாம் ஆட்டினான். அத்தைகள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். அம்மா களித் துடுப்பை நிறுத்திவிட்டு ஒரு வரி சொன்னார். பாய் முழுக்கச் சிரிப்பு. அவன் தங்கை என் காதில் சொன்னாள்:

"அவ ஒரு வார்த்தைதானேடா சொன்னா, நீ என்ன இவ்வளவு நேரம் சொல்றன்னு கேக்கறாங்க."

அவன் அம்மா பானைக்கு முன்னால் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.